ஏழு பன்னிரண்டுக்குச் சேனல் மாறியது

அத்தியாயம் 9

"இதுல எந்தப் பெட்டிண்ணே பொய் சொல்லாது?" என்று கேட்டாள் ஷீபா.

கடைக்காரர் ராஜமணி தேனியில் பதினெட்டு வருஷமாக டிவி விற்கிறவர். விலை குறையுமா என்று கேட்டிருக்கிறார்கள், வாரண்டி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் இருப்பதைவிட ஒரு விரற்கடையாவது பெரியதாக வேண்டும் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் ஷீபாவுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார்.

"டிவிடி ரெக்கார்டர் பாக்கணும்," என்றான் ஈஸ்வரபாண்டி. "டிவில ஓடுறத டிஸ்க்ல பதியிற பெட்டி. வீட்டுக்கு."

"வீட்டுல என்ன டிவி சார் வச்சிருக்கீக?"

"டிவி அடுத்த மாசம்," என்றாள் ஷீபா. "சார் எப்பவும் மூடிய வாங்கிட்டுத்தான் பானைய வாங்குவாரு."

ஈஸ்வரபாண்டிக்கு நாற்பத்தாறு வயது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெத்தைக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறான். பாதி வேலை, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகளை விசாரிப்பது. மீதி வேலை, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரிப்பது. ஷீபா கேரள எல்லையில் கம்பம்மெட்டுக்காரி, மலையாளமும் படிப்பாள். டைப் அடிக்க வந்து சேர்ந்தவள், ஆறு வருஷத்தில் டைப் அடிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள்.

அவர்களைக் கடைக்கு அனுப்பியது பிலோமினா. அன்று காலையில் மூன்றாவது தடவையாக மாடிப்படி ஏறி வந்திருந்தாள்.

"என் வீட்டுக்காரு திங்கக்கெழம உத்தமபாளையம் கோர்ட்டுல ஏறி, நான்தான் வண்டிய ஏத்துனேன்னு சொல்லப்போறாரு சார். லைசன்ஸ் போயிரும். ஜெயிலுக்கும் போவாரு. ஆனா அவரு ஏத்தல."

"அவரே சொல்றாரேம்மா."

"பதினாலு வருசமா அவரு பின்னாடி டிவிஎஸ்ல உக்காந்து போறேன். ரோட்டுல ஆட்டுக்குட்டி படுத்திருந்தா எறங்கித் தூக்கி ஓரமா விட்டுட்டு வண்டிய எடுக்கிற மனுசன். ஒரு பொம்பளைய அடிச்சுப்போட்டு நிக்காம வந்தாருன்னா, நீங்க நம்புறீகளா?"

ஈஸ்வரபாண்டி நம்பியிருந்தான். அதுதான் அவனுடைய கஷ்டம்.

பிப்ரவரி ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஏழேகாலுக்கு ஓடைப்பட்டி ரோட்டில் பாலத்து வளைவில், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்த அய்யம்மாள் என்ற தோட்ட வேலைக்காரியை ஒரு பிக்கப் வேன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அய்யம்மாள் உயிர் பிரிந்தது. வேன் திராட்சைத் தோட்டக்காரர் சுருளிவேலுடையது. விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய டிரைவர் அருண் ஜோசப், அதாவது பிலோமினாவின் கணவன், சாவியோடு ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் என்று சொல்லிவிட்டான். இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான்.

இன்சூரன்ஸ் கம்பெனி இதை விசாரிக்கச் சொன்ன ஆள் ஈஸ்வரபாண்டி. அந்த வாரம் அவனுக்கு வேறு வேலை இருந்தது. வளைவுக்குப் போகவில்லை. டிரைவரைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் பேப்பர்களுக்கு நகல் வாங்கி, ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினான். 'வாகனத்தை ஓட்டியவர் டிரைவரே, ஐயமில்லை' என்று கையெழுத்துப் போட்டான். அந்த 'ஐயமில்லை' நாலு மாசமாக அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. பிலோமினாவை இரண்டு தடவை படியிலேயே திருப்பி அனுப்பியதற்கும் அதுதான் காரணம். நியாயம் கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது தப்புச் செய்தவனுக்குக் கஷ்டம்.

மூன்றாவது தடவை அவள் மகளையும் கூட்டி வந்துவிட்டாள். அருள்செல்வி, பத்து வயது, முன்பல் ஒன்று இன்னும் முளைக்கவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை ஷீபாவிடம் போய் ஒட்டிக்கொண்டது. பேன் காற்றில் பறக்கும் பேப்பர்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டே, தான் மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருந்ததாகவும் இப்போது அப்பா போக வேண்டாம் என்றுவிட்டதாகவும் சொன்னது. வீட்டில் டிவியைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம்.

அவர்கள் போன பிறகு ஈஸ்வரபாண்டி பழைய பைலை எடுத்துப் பிரித்தான். முதலாளி சுருளிவேல் ஸ்டேஷனில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் இருந்தது. 'மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை நான் வீட்டில் தனியாக இருந்து, டிவி நிகழ்ச்சிகளை டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டிருந்தேன். டிஸ்க் உள்ளது.'

"பதியிறதுக்கு ஆளு எதுக்கு சார்?" என்றாள் ஷீபா. "அரிசி ஊறப்போட்டுட்டு ஊருக்குப் போற மாதிரி, பெட்டிய அமுக்கி விட்டுட்டு எங்கயும் போகலாமே."

"அதத்தான் பாக்கணும்," என்று ஈஸ்வரபாண்டி செருப்பை மாட்டினான்.

ராஜமணி இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே அகலம். ஒன்றின் நெற்றியில் மட்டும் வெள்ளி எழுத்தில் 'டிஜிட்டல்' என்று மின்னியது.

"இது நம்மூருக்கு ஆகுற பெட்டி சார்," என்று மின்னாத பெட்டியைத் தட்டினார். "கேபிள் ஒயரை முதுகுல குத்திட்டு டைமர் வச்சா போதும். ஆறு மணிக்கு ஒரு சேனல், ஏழு மணிக்கு இன்னொரு சேனல்னு அதுவே மாத்தி மாத்திப் பதிஞ்சிரும். நீங்க பாட்டுக்கு வெளிய போயிட்டு வரலாம்."

ஈஸ்வரபாண்டியின் முகம் மலர்ந்தது. "இன்னொண்ணு?"

"அது சிங்கப்பூர் சரக்கு. உள்ளயே டிஜிட்டல் டியூனர். அங்கன ஆன்டெனாவுலயே டிஜிட்டலா வருதாம், அதப் பிடிக்கத்தான் இது. இங்கன நாலு பக்கமும் மலை. மேகமலைல இருந்து என்ன வரும்? மேகந்தான் வரும்."

"நம்ம கேபிள் இதுல வராதா?"

"வராது. டிவிக்குப் பின்னாடி இருந்து மஞ்ச, செவப்பு, வெள்ளைனு மூணு ஒயரு இழுத்து இதுல மாட்டணும். அப்ப டிவில என்ன ஓடுதோ அது பதியும். டிவில சேனல் மாத்துனா டிஸ்க்லயும் மாறும். மாத்த ஒரு ஆளு உக்காந்திருக்கணும்."

"பெட்டி வாங்குனா வாட்ச்மேனும் வாங்கணும்," என்றாள் ஷீபா. "இத யாருண்ணே வாங்குவா?"

ராஜமணி துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அங்கே தூசி இல்லை.

"ரெண்டு வந்துச்சு. ஒண்ணு வித்துட்டேன். ஜனவரியில ஓடைப்பட்டி சுருளிவேல் வந்தாக, கூட டிரைவரும். ஒரு டிவிக்காரவுக அவரு தோட்டத்தப் படம் பிடிச்சிருக்காக, விவசாய நிகழ்ச்சில வரப்போகுது, அதப் பதியணும்னு சொன்னாக. அவுக இந்த நம்மூருப் பெட்டியத்தான் கையில எடுத்தாக. டிரைவருதான் விடல. அண்ணே, இதுல டிஜிட்டல்னு போட்டிருக்கு, நாளைக்கு எல்லாமே டிஜிட்டலாயிரும், இதையே எடுப்போம்னு அம்புட்டு ஆசையாச் சொன்னான்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லியிருக்கணும் சார்." துணி நின்றது. "ஒரு வருசமா விக்காமக் கெடந்த பெட்டி. வாயத் தொறக்கல."

கடையை விட்டு இறங்கும்போது ஷீபா திரும்பி அந்த வெள்ளி எழுத்தைப் பார்த்தாள். "பெட்டி பொய் சொல்லல சார். பக்கத்துல நின்னவுகதான் நெசத்தச் சொல்லல."

இரண்டு பேரும் காரில் ஓடைப்பட்டிக்குக் கிளம்பினார்கள். சீப்பாலக்கோட்டை தாண்டித் திராட்சைப் பந்தல்கள் ஆரம்பித்தபோது ஷீபா வாயைத் திறந்தாள்.

"போச்சே சார்! முதலாளி வீட்டுல இருந்தது பொய்னு காட்டத்தான் கடைக்குப் போனோம். இப்ப என்னாச்சு? ஆளு உக்காந்திருந்தாத்தான் பதியும். டிஸ்க்ல ரெண்டு சேனல் இருந்துச்சுன்னா அவரு சொன்னது நெசமாயிரும். நாமளே அவருக்குச் சாட்சி தேடிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு."

"ஆளு உக்காந்திருந்தது நெசம்," என்றான் ஈஸ்வரபாண்டி. "எந்த ஆளுன்னு டிஸ்க்குதான் சொல்லணும்."

"டிஸ்க் எப்படி சார் சொல்லும்? அது டிவிய எடுக்கும். டிவி பாக்குறவன எடுக்காதே."

அவள் சொன்னது சரிதான். பாலத்து வளைவு வந்தபோது ஈஸ்வரபாண்டி காரை ஓரம் கட்டி நிறுத்தினான். பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பத்தில் யாரோ ஒரு சாமந்தி மாலையைக் கட்டியிருந்தார்கள், அது காய்ந்து நூலாகத் தொங்கியது. நாலு மாதத்துக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டிய இடம். இறங்கி ஒரு நிமிஷம் நின்றான்.

சுருளிவேல் வீட்டு வாசலில் காலிப் பிளாஸ்டிக் கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"வாக சார், வாக. போன வாரந்தான் எடது கண்ணுல புரை எடுத்தாக. வெளிச்சம் ஆகாதுன்னுட்டாக."

"வலது கண்ணு?" என்றாள் ஷீபா.

"அது பிப்ரவரி கடைசில எடுத்தாச்சுத்தா."

"ரொம்ப நாளா இருந்துச்சோ?"

"மூணு வருசமா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்." அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஷீபாவும் ஈஸ்வரபாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கக் கஷ்டப்பட்டார்கள். மூன்று வருஷம் தள்ளிப் போட்ட ஆபரேஷன், விபத்து நடந்து மூன்றே வாரத்தில் அவசரமாகிவிட்டது.

"இன்சூரன்ஸ் பைல முடிக்கணும்ணே," என்றான் ஈஸ்வரபாண்டி. "நீங்க பதிஞ்ச டிஸ்க்க ஒரு தடவ பாத்துட்டா போதும்."

சுருளிவேல் மறுக்கவில்லை. மறுக்கும் தெம்பு அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பீரோவைத் திறந்து, ஒரு வேட்டியின் மடிப்புக்குள்ளிருந்து டிஸ்க்கை எடுத்தார். டிவிக்குக் கீழே வெள்ளி எழுத்து மின்னும் அதே பெட்டி. முன்னால் போய் உட்கார்ந்தவர், ஒரு பட்டனை அமுக்கினார். பெட்டி அணைந்தது. இன்னொன்றை அமுக்கினார். தட்டு வெளியே வந்து, அவர் டிஸ்க்கை வைப்பதற்குள் உள்ளே போய்விட்டது.

"எந்தப் பட்டன அமுக்கிண்ணே பதிஞ்சீக?" என்றாள் ஷீபா இனிமையாக.

"செவப்புப் பட்டன்."

"செவப்பா இருக்கது ஆஃப் பண்றதுண்ணே. குடுங்க, நான் போடுறேன்."

திரையில் நடனப் போட்டி ஓடியது. ஆறு மணி நிகழ்ச்சி. "அது எம் பொண்டாட்டி கேட்டது," என்றார் சுருளிவேல். "போடிக்குப் போயிருந்தா. ஃபைனலு, பதிஞ்சு வைங்கன்னு சொல்லிட்டுப் போனா." ஷீபா ஓட்டிக்கொண்டே வந்தாள். சரியாக ஒரு மணி நேரத்தில் சேனல் மாறியது. விவசாய நிகழ்ச்சி. ஏழு மணி.

"இதுலதான உங்க தோட்டம் வருது?" என்றான் ஈஸ்வரபாண்டி.

"ஆமா."

"நீங்க பாத்தீகளா?"

"அன்னைக்கே பாத்துட்டேனே. பதியும்போதே."

வாழைக்கு மருந்தடிப்பது பற்றிப் பத்து நிமிஷம் ஒருவர் பேசினார். பிறகு அறிவிப்பாளப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, அடுத்து நாம் பார்க்கப்போவது ஓடைப்பட்டியின் திராட்சைத் தோட்டம் என்றாள். பெட்டியின் கவுண்டரில் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். அதாவது ஏழு பன்னிரண்டு.

சேனல் மாறியது.

ஒரு கோயில் பீடம். மெழுகுவத்திகள். வெள்ளை உடுப்பும் நீலத் துண்டும் போட்ட இருபது பிள்ளைகள் வரிசையாக நின்று மாதா பாட்டுப் பாடினார்கள். கீழே மலையாள எழுத்துகள் ஓடின.

"எந்தா இது!" என்றாள் ஷீபா.

நாலு நிமிஷம் அந்தப் பாட்டுத்தான். பிறகு மறுபடி விவசாயம். பந்தலுக்குக் கீழே நின்ற சுருளிவேல், கறுப்புக் கண்ணாடி இல்லாமல், கையைக் கூப்பி, "நன்றி, வணக்கம்," என்றார். அவ்வளவுதான். அடுத்தது கோழி வளர்ப்பு.

ஈஸ்வரபாண்டி டிவியைப் பார்க்கவில்லை. சுருளிவேலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்தப் பெட்டிய நீங்க வாங்குனதே டிவில உங்க மொகம் வர்றதுக்குத்தான். உங்க தோட்டம்னு அந்தப் பொண்ணு சொல்லி வாய மூடல, சேனல் மாறுது. தன் மொகம் வர்ற நேரத்துல சேனல் மாத்துற மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடையாது. இந்த டிஸ்க்க நீங்க இன்னைக்குத்தான் மொதமொதப் பாக்குறீக. இல்லையா?"

சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார்," என்றாள் ஷீபா. குரலில் விளையாட்டு போயிருந்தது. "கீழ ஓடுன எழுத்து என்னன்னு சொல்லட்டா? குமுளிக் கோயில் திருவிழா, ராயப்பன்பட்டி மாதா கோயில் பிள்ளைகளோட பாட்டு." அவள் பின்னால் ஓட்டி ஒரு இடத்தில் நிறுத்தினாள். முதல் வரிசையில் இடது ஓரத்தில் ஒரு பிள்ளை. வாய் அகலத் திறந்திருந்தது. முன்பல் ஒன்று இல்லை.

"அருள்செல்வி," என்றான் ஈஸ்வரபாண்டி.

விபத்து நடந்தது ஏழேகால். ஏழு பன்னிரண்டிலிருந்து ஏழு பதினாறுவரை இந்த அறையில், இந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் மகள் பாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அருண் ஜோசப். முதலாளி தனக்காகக் காட்டிய சாட்சி, நாலு மாதமாக டிரைவருக்காக வேட்டி மடிப்பில் காத்துக்கொண்டிருந்தது.

சுருளிவேல் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து கண்ணைக் கசக்கினார்.

"அவன் மகளா? அவன் எங்கிட்டச் சொல்லவே இல்லையே சார். அன்னைக்குச் சின்னமனூர்ல லாரி நிக்குது, ஏழரைக்குள்ள சரக்கு போகணும். அவன்தான் போக வேண்டியது. அண்ணே, ரெண்டு சேனல் மாத்திப் பதியணும், உங்களுக்கு இந்தப் பெட்டி ஓடாது, நான் இங்கன இருக்கேன், இன்னைக்கு ஒருநா நீங்க ஓட்டுங்கன்னான். நானும் சரின்னுட்டேன். வளைவுல எதுக்க வந்த பஸ்ஸு லைட்டு. எனக்கு ஒண்ணுமே தெரியல. தட்டுன சத்தம் மட்டும் கேட்டுச்சு. எறங்கிப் பாத்தேன். அய்யம்மா. பன்னெண்டு வருசம் எந் தோட்டத்துல பழம் அறுத்தவ."

"தூக்கலையா?" என்றான் ஈஸ்வரபாண்டி.

"தூக்கல." அவர் அதை மறைக்கவில்லை. "ஓடியாந்துட்டேன். வாசல்ல நின்னு நடுங்குறேன், அவன் எங் கையில இருந்து சாவியப் பிடுங்கிட்டு, நான் பாத்துக்கிறேன்ணே, நீங்க உள்ள போங்கன்னான். ஏலே, வேணாம்டா, நான் போறேன்னேன். மறுநாளும் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன் சார். மூணாந்தடவ சொல்லல. அவன் ஏத்துக்கிட்டது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு."

அவரைத் திட்ட வேண்டும் என்று ஈஸ்வரபாண்டிக்கு ஆத்திரம் வந்தது. இவர் இரண்டு தடவையாவது சொல்லியிருக்கிறார், நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்ற நினைப்பு வந்ததும் அந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

"வாங்கண்ணே," என்று எழுந்தான். "ராயப்பன்பட்டில அருண் வீடு வரைக்கும் போவோம்."

அருண் ஜோசப்பின் வீட்டில் டிவி உண்மையாகவே போர்வைக்குள் இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆள், ஐம்பது மாதிரி இருந்தான். சுருளிவேலைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அண்ணே, நீங்க ஏன் வந்தீக? கண்ணுக்கு ஆகாதுல்ல?"

"எல்லாம் சொல்லிட்டேன்டா," என்றார் சுருளிவேல்.

"என்னத்தச் சொன்னீக?" அருண் ஈஸ்வரபாண்டியின் பக்கம் திரும்பினான். "சார், அவரு மனசு கேக்காம எதையாவது சொல்லுவாரு. வண்டிய ஓட்டுனது நான்தான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேன். திங்கக்கெழமையும் அதையேதான் சொல்லுவேன்."

"டிஸ்க்கப் பாத்துட்டோம் தம்பி. ஏழு பன்னிரண்டுக்குச் சேனல் மாறியிருக்கு."

அருண் போர்வை மூடிய டிவியைப் பார்த்தான். ஆனால் ஆள் அசையவில்லை. "எனக்கு அது தெரியாது. நான் ரோட்டுல இருந்தேன். டிவில என்ன ஓடுச்சுன்னு நான் எப்படிப் பாத்திருக்க முடியும்?"

சமையல்கட்டு வாசலில் பிலோமினா நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அருள்செல்வி. அந்தப் பிள்ளை முன்னால் வந்தது. அதற்குக் கேஸும் தெரியாது, டிஸ்க்கும் தெரியாது. நாலு மாதமாக மனதுக்குள் வைத்திருந்த ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

"அப்பா, நான் பாடுனத நீ பாத்தியா?"

அருண் சுருளிவேலைப் பார்த்தான்.

"கோயில் மண்டபத்துல டிவி வச்சு எல்லார் அப்பாவும் வந்து உக்காந்து பாத்தாக. நீ வண்டில இருந்தேன்னு சொன்ன. இவுக ஏழு பன்னெண்டுன்னு சொல்றாக. எம் பாட்டு அப்பத்தான வந்துச்சு. நீ பாத்தியா, பாக்கலையா?"

ஆமாம் என்று சொன்னால் அவன் குற்றவாளி இல்லை. இல்லை என்று சொன்னால் பிள்ளையின் முகத்துக்கு நேராக மறுபடி பொய். ஸ்டேஷனில் சொன்னது சுலபமாக வந்திருக்க வேண்டும், அங்கே இருந்தவர்கள் யாரும் அவன் நெஞ்சு உயரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கவில்லை.

அருண் குனிந்து உட்கார்ந்தான்.

"ரெண்டாவது அடியில உனக்கு மூச்சு வாங்கிருச்சு," என்றான். "பக்கத்துல நின்ன பெரிய பிள்ள உன் தோளத் தொட்டுச்சு. நீ அவளப் பாத்துட்டு மறுபடி சரியாப் பிடிச்சுக்கிட்ட."

அருள்செல்வியின் வாயில் இல்லாத பல் தெரிந்தது. பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். அவள் அழவில்லை, நாலு மாதமாக நின்றுகொண்டே இருந்தவள் இப்போதுதான் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஏன்டா?" என்றார் சுருளிவேல். "ஏன்டா இப்படிப் பண்ணுன?"

"பெட்டிய எடுத்தது நான்தானண்ணே." அருண் மகளை விடாமல் பேசினான். "நீங்க நல்ல பெட்டியத்தான் எடுத்தீக. நான்தான் டிஜிட்டல் டிஜிட்டல்னு குதிச்சேன். நீங்க எடுத்தத வாங்கியிருந்தா டைமர் வச்சுட்டு நானே வண்டிய எடுத்திருப்பேன். அய்யம்மாக்கா ஞாயித்துக்கெழம அந்த பஸ்ல வந்து அந்த வளைவுலதான் எறங்கும்னு எனக்குத் தெரியும். ஹாரன் அடிச்சுட்டுத்தான் திரும்புவேன். அது கையக் காட்டும். உங்களுக்கு இருட்டுல கண்ணு தெரியாதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பி வச்சேன். எம் பிள்ள பாட்டப் பதியணும்னு, உங்ககிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, திருட்டுத்தனமா."

"அது குத்தமாடா?"

"அங்கன அது ரோட்டுல கெடந்த நேரத்துல நான் உங்க வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருந்தேன்ணே. அந்த நாலு நிமிசம் அம்புட்டு சந்தோசமா இருந்தேன். அதத்தான் என்னால தாங்க முடியல."

சுருளிவேல் அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "திங்கக்கெழம நான் ஏறுறேன்டா கூண்டுல," என்றார். "இந்தத் தடவ நீ தடுக்காத. இது மூணாந்தடவ."

அருண் தடுக்கவில்லை.

அருணுடைய வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டு ஈஸ்வரபாண்டி காருக்கு வந்தான். டிஸ்க் ஷீபாவின் மடியில் இருந்தது. கிளம்பும்போது அருள்செல்வி ஓடி வந்து, அதை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று கேட்டிருந்தாள். கோர்ட்டுக்குள் போன சாமான் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தும், சீக்கிரம் என்று சொல்லி வைத்திருந்தான். இன்னொரு பொய்.

"நாளைக்கே அந்த மலையாளச் சேனல்ல கேட்டு ஒரு காப்பி வாங்கிரணும்," என்றான்.

"கேட்டாச்சு சார். நீங்க வக்கீல்கிட்டப் பேசும்போதே. அவுககிட்ட இருக்காம்."

கோம்பை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் காரை எடுக்கவில்லை.

"இன்சூரன்சுக்குப் புது ரிப்போர்ட் குடுக்கணும். எழுதிக்கிறியா?"

ஷீபா பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க சார். முதலாளி ஓட்டுனாருன்னு ஆரம்பிக்கட்டுமா, டிரைவர் ஓட்டலன்னு ஆரம்பிக்கட்டுமா?"

"ரெண்டும் அப்பறம்," என்றான் ஈஸ்வரபாண்டி. "மொத வரி இப்படிப் போடு. பிப்ரவரி மாதம் நான் அந்த வளைவுக்குப் போகவில்லை."

ஷீபாவுக்கு எப்போதும் நாக்கின் நுனியில் ஒன்று தயாராக இருக்கும். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லாமல், அவன் சொன்னதை அப்படியே எழுதினாள்.